ஒற்றைக் கோடு

அடுக்கம்பாறையில் இரவு ஒன்பதுக்கும்
பாறைகள் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.
பெண்கள் அறுவை வார்டில் நாற்பத்தோரு படுக்கை,
தரையில் பாய்விரித்து இன்னும் ஆறு பேர்.
ஸ்டாஃப் என்று நான் ஒருத்தி.
கூட, இரண்டாம் வருட மாணவிகள் மூவர்.
பெயர் கேட்கவில்லை.
‘பாப்பா’ என்றால் மூவருமே திரும்பினார்கள்,
அது எனக்கு வசதியாக இருந்தது.

பதினேழாம் படுக்கை, இலவம்பாடி அம்மாள்.
முள்ளுக்கத்தரி மூட்டையோடு
வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள்.
எண்பத்தாறு கிலோ.
புரட்ட ஒருத்தியால் ஆகாது.
“ஒண்ணு, ரெண்டு...” என்று நான் எண்ண
எதிர்ப்பக்கத்து மெலிந்த கைகள்
மூன்றுக்குச் சற்று முன்பே இழுத்துவிட்டன.
அம்மாள் அலறினாள்.
“மூணுன்னா மூணு. ரெண்டே முக்கால் இல்ல.”
வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

பிறகு ஒரு புது அட்மிஷன்,
ரத்த வங்கிக்கு இரண்டு ஃபோன்,
தீர்ந்துபோன ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஒரு சண்டை.
நடுவே சார்ட்டுகளை இழுத்துப்போட்டு எழுதினேன்:
பன்னிரண்டு மணி. பதினேழு. சிறுநீர் இருநூறு மில்லி.
பையைப் பார்த்தேனா?
இந்நேரத்துக்கு இவ்வளவு வந்திருக்கும் என்று
கையே கணக்குப் போட்டது.
பதினாறு வருடக் கை.
என்னைக் கேட்பதில்லை.

இரண்டே காலுக்கு
லாக் புக்கோடு ஒருத்தி மேசையருகே நின்றாள்.
“கையெழுத்தெல்லாம் காலைல” என்றேன், நிமிராமல்.
போகவில்லை.
புத்தகத்தை வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தாள்.
நீலப் பேனாவில், பத்து மணி நாற்பது,
பன்னிரண்டு நாற்பது, இரண்டு நாற்பது.
“நான் பையைக் காலி பண்ணல, சிஸ்டர்.
வேற யாரும் பண்ணலன்னு கேட்டுட்டேன்.
சார்ட்ல இருநூறுன்னு இருக்கு.”
வியர்வையில் கடைசி சைபர் கரைந்துகொண்டிருந்தது.

பதில்கள் எனக்கு நிறையத் தெரியும்.
‘உன் வேலையைப் பாரு.’
‘எத்தனை வருஷமா நீ நர்ஸு?’
திருப்பத்தூரில் நான் மாணவியாய் இருந்தபோது வாங்கியவை,
ஒன்றும் பழுதாகாமல் உள்ளே இருந்தன.
எழுந்துபோனேன்.

டார்ச் வெளிச்சத்தில்
அம்மாளின் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது குழாய்.
அடிவயிறு கல்லாய் உப்பியிருந்தது.
அவள் முனகியதை எலும்பு வலி என்று
ஒரு மணிக்கு ஊசி போட்டிருந்தேன்.

“நீ எண்ணு” என்றேன்.
அவள் எண்ணினாள்.
இந்த முறை முந்தித் தூக்கியது நான்தான்.
மாணவி வாயைத் திறக்கவில்லை.
மயக்கத்திலிருந்து அம்மாள் சொன்னாள்,
“மூணுன்னா மூணும்மா.”

குழாய் நிமிர்ந்தது.
பைக்குள் இறங்கும் சத்தம்.
பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம் என்று
பாலத்துக்கு ஓடிப்போய் நிற்கும் ஜனம்போல
அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எண்ணின் மேல் எண் எழுதக் கூடாது,
வெள்ளை மை பூசக் கூடாது.
தப்பின் மேல் ஒற்றைக் கோடு,
கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.
இருநூறின் மேல் கோடிட்டேன்.
பக்கத்தில் நாற்பது, நேரம், என் கையெழுத்து.
டியூட்டி டாக்டருக்கு ஃபோன் செய்தேன்:
“பார்க்காம எழுதிட்டேன், சார். ஸ்டூடண்ட்தான் கண்டுபிடிச்சாங்க.”
“எந்த ஸ்டூடண்ட்?”
ரிசீவரைப் பொத்திக்கொண்டு கேட்டேன்,
“உன் பேரென்னம்மா?”
“ரேணுகா. படவேடு.”

காலையில் லாக் புக்கை நீட்டினாள்.
நோயாளியைப் புரட்டுதல், மூன்று முறை.
“பார்த்தது ரெண்டுதான்” என்று
இரண்டுக்குப் போட்டேன்.
முகம் சுருங்கியது,
பிறகு சிரிப்பை அடக்கத் தெரியாமல் திரும்பிக்கொண்டாள்.
“மூணாவது, சிஸ்டர்?”
“நைட் வா.
அம்மாள் எங்கயும் போகப்போறதில்ல.”